சொல்லாமல் வைத்த ஒட்டு

பன்றியின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தாலும், பாதியிலேயே முகத்தைச் சுளித்து "ஐயையோ, பன்றியா!" என்கிறார்கள். அதோடு பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. என் வலது தோளுக்குள் பன்றிக் குடலிலிருந்து எடுத்த ஒரு துண்டை வைத்துத் தைத்தார்கள். பன்றிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் நான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். கேட்டும் சொல்லவில்லை. தோள் ஓரளவுக்கு ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெயர் எஸ்தர். வீடு ராயபுரம். கணவர் தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருடம், ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கமிருந்து துறைமுக வாசல்வரை வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையிலிருந்து ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் வெளியே போய்விட்டேன். மேல் கம்பியைப் பிடித்திருந்த வலது கை மட்டும் உள்ளேயே நின்றது. ஜவுளிக்கடையில் துணியைச் சர்ரென்று கிழிப்பார்களே, அப்படி ஒரு சத்தம். வெளியே கேட்டதா, எனக்குள்ளே மட்டும் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.

ரத்தம் இல்லை, சிராய்ப்புகூட இல்லை. "ஒன்னும் ஆவல டீச்சர், கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்றார் பக்கத்தில் இருந்த பெண். நானும் நம்பினேன்.

மறுநாள் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. வலி இருந்தது, அது வேறு. கை என் பேச்சையே கேட்கவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினால் மேலே போகும், விட்டால் விழும். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் பார்த்த டாக்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்தால் ரத்தக் கொதிப்பு வரும். முதலாமவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, தைலம் தடவுங்கள் என்றார். இரண்டாமவரும் எக்ஸ்ரே எடுத்தார், அதே எலும்பு அப்போதும் நன்றாகவே இருந்தது. மூன்றாமவர் என் தோளைத் தொடவே இல்லை. வயதைக் கேட்டார், சொன்னேன். "இந்த வயசுல லேடீஸுக்கு வர்றதுதான்மா. வீட்டு வேலையைக் கொஞ்சம் கொறச்சுக்கோங்க" என்றார். ஆட்டோவிலிருந்து விழுவதுமா இந்த வயதுப் பெண்களுக்கு வருகிற நோய்? அதைக் கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படுத்தால் தோள் குடைந்து எடுக்கும். சுவரில் தலையணை சாத்தி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். என் தலையை என்னால் பின்ன முடியவில்லை. அந்த வேலையைத் தேவராஜ் எடுத்துக்கொண்டார். டன் கணக்கில் சரக்கு தூக்குகிற மனிதர், என் முடியைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் விழித்த விழியை மறக்க முடியாது. "இன்னாடி இது, மூணு பிரி கீது, எது மேல எது போவுணும்?" என்றார். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். கயிறு முறுக்குகிற மாதிரி இறுக்கிப் பின்னிவிடுவார். சாயங்காலம்வரை ஒரு முடி பிரியாது.

கடைசியில் அவர்தான் பொறுமை இழந்தார். "இன்னொருத்தன் எலும்பு நல்லா கீதுன்னு சொன்னா நான் அவன் எலும்ப ஒட்ச்சிருவேன். வா, பெரிய ஆஸ்பத்திரிக்கே போலாம்" என்றார். அப்படித்தான் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்து, இரும்புப் பட்டறை போல் இடிக்கிற சத்தத்தை அசையாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும், இதில்தான் சதையும் ஜவ்வும் தெரியும் என்பதை அன்றுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். தோளைத் தூக்குகிற சதையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் ஜவ்வு எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்து, உள்ளே சுருங்கிப் போயிருந்தது. முதல் மாதத்திலேயே தைத்திருந்தால் எளிதாக இருந்திருக்குமாம்.

அங்கே இருந்த பெரிய டாக்டர் தோள் ஆபரேஷனில் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நானும் மறுக்கவில்லை. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சும்மா இழுத்துத் தெச்சா திரும்பப் பிய்ஞ்சிடும். மேல ஒரு பேட்ச் வெப்போம். ஃபாரின்ல இருந்து வருது, லேட்டஸ்ட்" என்றார்.

"அது எதால செஞ்சது, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நீங்க மேத்ஸ் டீச்சர்தானே? மேத்ஸை நீங்க பாருங்க. தோளை நான் பாத்துக்கறேன்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவள் சந்தேகம் கேட்டால்கூட அவளுக்கு ஒரு பதில் கிடைக்கும்.

ஆபரேஷன் முடிந்தது. கையை ஒரு தலையணையோடு சேர்த்து இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தேன். தேவராஜ் லீவு போட்டு வஞ்சிரக் குழம்பு வைத்து ஊட்டிவிட்டார். இரண்டாவது வாரத்தில் தோள் வீங்கியது. சிவந்து, தொட்டால் சுட்டது. அடுப்புப் பக்கத்தில் வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. காய்ச்சலும் வந்தது. மறுபடியும் அதே மருத்துவமனை.

பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "தண்ணி பட்டுச்சா?"

"இல்ல டாக்டர்."

"வீட்டுல சுத்தமா இருந்தீங்களா? எந்த ஏரியா நீங்க?"

"ராயபுரம்."

"அதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தேவராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னா சார் அதான்? ராயபுரம்னா இன்னா? நாங்க இன்னா கலீஜ்லயே பொறண்டுகினா கீறோம்? அவ குளிக்கிறப்போ ஒரு சொட்டு தண்ணி படாம பாலித்தீன் கட்டி உட்டவன் நானு. எங்க வூட்டுக்கு வந்து பாரு சார், உன் ஆஸ்பத்திரி தரைய வுட என் வூட்டு தரை சுத்தமா கீது."

"கத்தாதீங்க மிஸ்டர்" என்றார் டாக்டர். எங்களைப் போன்றவர்கள் உண்மையைச் சொன்னால் அதற்குக் கத்துவது என்று பெயர்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கிருமிக்கான ஊசி போட்டார்கள். வீக்கம் அசையவில்லை. தோளிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நீரில் கிருமி இருந்தால் சில நாளில் அது சோதனைத் தட்டில் வளர்ந்து தெரியும். ஒன்றும் வளரவில்லை. மறுபடி எடுத்தார்கள், அப்போதும் வளரவில்லை. ஆனாலும் வருகிற நர்ஸ் எல்லாம் "சுத்தமா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டே போனார்கள். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டுத் துண்டையும் தலையணை உறையையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகத்தை எனக்குள் நட்டதற்கு அவர்களை மன்னிக்க மாட்டேன்.

கவிதா என்று ஓர் இளம் டாக்டர், பெரிய டாக்டரிடம் பயிற்சியில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் வார்டு அடங்கிக் கிடந்தபோது வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டீச்சர், உங்க மேல தப்பு இல்ல. இது கிருமியே இல்ல" என்றாள். பிறகு நான் முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஜவ்வு துணி மாதிரி, எலும்பு சுவர் மாதிரி. துணியை எடுத்துச் சுவரில் தைக்க முடியாது. உடம்பு அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஜவ்வு எலும்பைத் தொடுகிற இடத்தில், மிகச் சின்ன தூரத்துக்குள், ஜவ்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குருத்தெலும்பாக மாறி, அது இறுகி, அதன் பிறகே எலும்பாகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஒருமுறை பிய்ந்துபோனால் உடம்பால் அந்த இடத்தை மறுபடி அதே மாதிரி கட்ட முடிவதில்லை. அங்கே வெறும் தழும்புதான் வளரும், தழும்புக்கு வலு கிடையாது. அதனால்தான் தைத்தவை திரும்பப் பிய்கின்றன. இதற்காகத்தான் உலகமெங்கும் பலவித ஒட்டுகளைச் செய்து பார்க்கிறார்கள். எனக்கு வைத்தது பன்றியின் சிறுகுடலிலிருந்து உரித்த மெல்லிய படலம். அதிலிருக்கும் பன்றியின் செல்களையெல்லாம் கழுவி நீக்கிவிட்டால் ஒரு வலை மட்டும் மிஞ்சும். அந்த வலைக்குள் நம் செல்கள் குடியேறி, புது ஜவ்வை நெய்துகொள்ளும், வலை தானாகக் கரைந்துவிடும். அதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் சிலர் உடம்பு அதை அந்நியனாகப் பார்த்துக் கொதித்து எழுகிறது. வெளிநாட்டு டாக்டர்களும் இப்படி நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம்.

"இது அவருக்குத் தெரியுமா?"

கவிதா தரையைப் பார்த்தாள். "தெரியும் டீச்சர்."

எவ்வளவு அழகான யோசனை அது! ஒரு வலையைக் கொடுத்து, இதில் நீயே நெய்துகொள் என்று உடம்பிடம் விடுவது. முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகச் சரி என்றிருப்பேன். ஒத்துவராமல் போகலாம் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். வேலை செய்யாமல் போனதற்காக எனக்குக் கோபமில்லை. அந்தக் கொதிப்புக்கு ராயபுரத்தின் மேல் பழி போட்டார்களே, அதற்குத்தான்.

சாயங்காலம் தேவராஜிடம் சொன்னேன். "பன்னி நாம துன்றதுதானேடி" என்றார் மெதுவாக, என்னைத் தேற்றுவதாக நினைத்து.

"திங்கறது நாம கேட்டு வாங்கறதுங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் எனக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு ஜைனப் அக்கா வந்தாள். எங்கள் ராயபுரம்தான். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிப் போடுகிறவள். கொதிக்கிற அண்டாவை இறக்கும்போது துணைக்கு நின்ற ஆள் கையை விட்டுவிட, மொத்த பாரமும் இவள் தோளில் இறங்கியிருக்கிறது. அதே ஜவ்வு. அதே பெரிய டாக்டர். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

"இன்னா டீச்சர், ரொம்ப நோவுமா?" என்றாள். "எனக்கும் உனுக்கு வெச்ச மாதிரியே ஏதோ ஃபாரின் பட்டி வெக்கிறாங்களாம். கை மேல வந்தா போதும். அல்லாகிட்ட துவா கேக்கக்கூட ஒரு கைதான் தூக்கிகினு கீறேன்."

கவிதாவைத் தேடிப் பிடித்து, ஜைனப் அக்காவுக்கு வைக்கப்போவதும் பன்றி ஒட்டுதானா, அதை அவளிடம் சொன்னார்களா என்று கேட்டேன். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் சொல்ல முடியாது டீச்சர். என் படிப்பே அவர் கையில இருக்கு."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே நேராக ஜைனப் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பக்கத்துக் கட்டில்காரி பயமுறுத்திவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் வாயால் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன்.

சாயங்காலம் பெரிய டாக்டர் ஜூனியர்களோடு ரவுண்ட்ஸ் வந்தார். ஜைனப் அக்காவின் தோளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டேன்.

"டாக்டர், இவங்களுக்கு வெக்கப்போற பேட்ச் எதால செஞ்சது?"

"அது பயலாஜிக்கல் மெட்டீரியல்."

"எந்த உயிர்ல இருந்து எடுத்தது?"

"பியூரிஃபை பண்ணது. வெறும் கொலாஜன். அதுல உயிரெல்லாம் ஒன்னும் இல்ல." நகரப் பார்த்தார்.

"எந்த உயிர்ல இருந்துன்னு கேட்டேன், டாக்டர்." என் குரல் எனக்கே வகுப்பறையில் கேட்கிற குரலாக இருந்தது. ஜூனியர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"போர்சைன்" என்றார்.

"தமிழ்ல சொல்லுங்க. அவங்களுக்குப் புரியணும்ல?"

ஜைனப் அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா டீச்சர் அது? இன்னா சொல்றாரு?"

அவர் கையிலிருந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினார். நான் முந்திக்கொண்டு சொல்லவில்லை.

"பன்றி" என்றார் கடைசியில்.

ஜைனப் அக்கா கூச்சல் போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் நல்ல கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"சார், இத வெக்கலன்னா என் உசுரு பூடுமா?"

"உயிருக்கு ஒன்னும் ஆகாது."

"உசுரு போற நெலமன்னா எங்களுக்கு வழி கீது சார், அல்லா மன்னிப்பான். அப்டி இல்லன்றியே. சரி, வேற எதுனா வெக்கலாமா?"

அவர் தயங்கினார். "உங்க தொடையில இருந்தே ஒரு ஜவ்வை எடுத்து வெக்கலாம். அங்க ஒரு தழும்பு விழும். கொஞ்ச நாள் அங்கயும் வலிக்கும்."

"அப்போ கீதுல்ல? கீறப்போ ஏன் சார் என்னாண்ட கேக்கல? உனுக்கு நான் யாருன்னு தெரியாதா? என் பேரு அங்க எய்தி மாட்டி வெச்சிகீறியே." கட்டிலின் கால்மாட்டைக் காட்டினாள். அதுவரை நிதானமாக இருந்த குரல் அங்கேதான் உடைந்தது. "நாளைக்கி கை நல்லா ஆவும். ரெண்டு கையையும் தூக்கி அல்லாகிட்ட கேப்பேன். அப்புறம் ஒருநாள் எவளாவது வந்து, உன் கைக்குள்ள இது கீதுன்னு சொன்னா, நான் அந்தக் கைய இன்னா சார் பண்ணுவேன்? வெட்டிக்கவா?"

பெரிய டாக்டரின் காது சிவந்திருந்தது. "சரிம்மா, தொடையில இருந்தே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீங்க பேஷன்ட்டைப் பயமுறுத்திட்டீங்க, மேடம்."

"அவ இன்னா பயமுறுத்துனா?" என்றார் தேவராஜ், பிளாஸ்கோடு வாசலில் நின்றபடி. "நீ சொல்லாம உட்டத உன் வாயால சொல்ல வெச்சா."

அடுத்த நாளே பெயரை வெட்டி டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். அங்கே வராந்தாவில் உட்கார இடமில்லை. காற்றாடி சுற்றுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். ஆனால் என்னைப் பார்த்த டாக்டர் வேறு ரகம். டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "தொறந்து அதை எடுத்துடறேன். ஜவ்வு எவ்ளோ பிடிச்சிருக்குன்னு தொறந்தாதான் தெரியும். முழுசாத் தேறும்னு சொல்ல மாட்டேன். கேக்க வேண்டியது எதுனா இருந்தா இப்பவே கேளுங்க" என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது. ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை.

எடுத்துவிட்டார். வீக்கம் வற்றிவிட்டது. ஜவ்வு பாதி பிடித்திருந்தது. தேவராஜ் நிலைப்படியில் ஒரு கப்பியை மாட்டிக் கயிறு கட்டிக்கொடுத்தார். இடது கையால் இழுத்து வலது கையைத் தூக்க வேண்டும். "தூக்கு... கொஞ்சம் மேல... நிறுத்து!" என்று கீழே நிற்கிறவர் கிரேன்காரருக்குச் சொல்வது போலவே எனக்கும் சொல்வார். நான் வலியில் அழுதுகொண்டே சிரிப்பேன். இப்போது கை காதுவரை போகும், அதற்கு மேல் போகாது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுகிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த மருத்துவமனையிலிருந்து யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானே ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன். சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றார்கள். ஒட்டு வைக்கச் சம்மதித்தேன், எந்த ஒட்டு என்று சொல்லவில்லையே என்றேன். அளவான புன்னகையோடு தண்ணீர் கொடுத்தார்கள்.

ஜைனப் அக்காவுக்குத் தொடையிலிருந்து எடுத்து வைத்தது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவள் பரிசோதனைக்குப் போகும்போது துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். அந்த வாசலை மிதிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போனேன். பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெயின்டர் இருந்தார், சாரத்திலிருந்து விழுந்து தோள் போனவர். கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளேயிருந்து பெரிய டாக்டரின் குரல் எரிச்சலோடு கேட்டது. "இது பன்றிக் குடல்ல இருந்து செய்யறது. சில பேருக்கு ஒத்துக்காம வீங்கும். வேணாம்னா உங்க தொடையில இருந்தே எடுத்து வெக்கலாம். வீட்டுல பேசிட்டு வந்து சொல்லுங்க."

நான் ஜைனப் அக்காவைப் பார்த்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கோவமாத்தான் சொல்றாரு" என்றேன்.

"சொல்லட்டும் டீச்சர்" என்றாள் ஜைனப் அக்கா. "கோவமா சொன்னா இன்னா, சொல்றாருல்ல."